கீல்

சரிசெய்ய முடியுமா என்று கேட்டார் கர்னல் குவாலியோத்தி.
ரோமிலிருந்து அவரை ஏற்றிவந்த கார்
வாசலில் இன்னும் சூடு ஆறவில்லை.
எதை, என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இடது இறக்கை விரிந்தது. வலது விரியவில்லை.
பாதி வெயிலைத் தின்று பாதிப் பசியோடு
பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை
பூமியை உரசுவதுபோல் தாழ வந்து
மறுபடி முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்
எட்டிப் போய்விடுகிறது
நாலு டன் ராணுவச் சொத்து.
ஒரு கீல் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

காரட் கழுவும் கொட்டகைக் கதவும்
மார்ச் மாதத்தில் இப்படிச் செய்யும்.
பெரார்தினோ அதைக் காலால் உதைப்பான்.
அங்கே உதைக்கக் கால் இல்லை.

ஃபூச்சினோவில் எங்கள் ஆன்டெனாக்கள்
உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே நிற்கின்றன.
நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இது ஏரி.
மலையைக் குடைந்து தண்ணீரை இறக்கிவிட்டார்கள்.
அதனால் முடியாது என்ற சொல்லை
இந்த ஊரில் யாரும் முழுசாக நம்புவதில்லை.
மீன்கள் திரும்பி வந்ததும் இல்லை.

துலூஸில் ஒரு கம்பெனி இருக்கிறது.
ஒற்றைக் கை எந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள்,
தேடிப் போய்ப் பிடித்து நெம்பிவிடுமாம்.
அவர்கள் கேட்டது ஒரே ஒரு வரைபடம்:
எங்கே தொடலாம்?

வரைபடம் ரகசியம், என்றார் கர்னல்.
கீல் கூடவா?
கீலுக்குப் பக்கத்தில் இருப்பது.
பிறகு கொஞ்சம் தணிந்த குரலில்,
பிடித்துத் தூக்கத் தெரிந்தவனுக்கு
பிடுங்கிக்கொண்டு போகவும் தெரியும், என்றார்.
அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.
பெரார்தினோவிடம் வேலிக்கு இப்பாலிருந்து
பெயர் சொல்லாமல் இதைச் சொன்னபோது
எங்க டிராக்டர் சேத்துல நின்னா
திருடனையும்தான் தள்ளக் கூப்பிடுவோம்
என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினான்.

ஆகவே ஏழு நாள் வெயில் காட்டினோம்.
கீல் இருக்கும் பக்கத்தைச் சூரியனுக்குத் திருப்பி,
நிழலுக்குத் திருப்பி,
மறுபடி சூரியனுக்கு.
உலோகம் நீண்டு சுருங்கி
தானாக மனசு மாறாதா என்று.
லொரேட்டோ ஒவ்வொரு கட்டளைக்கும்
விசையை மெல்ல அழுத்துவான்,
விரலின் பதமும் கூடவே போய்ச் சேரும்போல.

ஆறாம் நாள் பதினோரு டிகிரி அசைந்தது.
பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
பன்னிரண்டு வரவில்லை.

எட்டாம் நாள் இரவு, மின்கலம் முப்பது சதவீதம்.
கர்னல் ஓர் உறையைப் பிரித்தார்.
சங்கேதச் சாவிகளை அழித்துவிடுங்கள், என்றார்,
அது போவதற்குள்.
எந்தக் கப்பல் எந்த மலைமுகாமோடு
யாருக்கும் கேட்காமல் பேசுவதற்காக
ஒன்பது வருஷம் கட்டினார்களோ,
அது மொத்தமும் ஒரு வரிக் கட்டளையில்.
நான்தான் அனுப்பினேன். எர்சிலியா, இரவுப் பணி,
படிவத்தில் கையெழுத்தும் என்னுடையது.
கால் நொடியில் பதில் வந்தது:
அழிந்தது.
தயங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.
கர்னல் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
தலை வழுக்கை என்பது அப்போதுதான் தெரிந்தது.
இனி வரைபடத்தைக் கொடுக்கலாம், என்றார்.
இனி அது வெறும் பொருள்.

துலூஸ்காரர்கள் நவம்பரில் போகலாம் என்கிறார்கள்.
மின்கலம் நவம்பரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம்,
ஒரு ஹீட்டரையும்
ஒரே சுருதியில் முனகும் சமிக்ஞையையும் தவிர.

விடிகாலையில் வெளியே வந்தேன்.
வெலினோ மலையில் பனி, வயலில் உரவாடை.
கார்க் கதவைப் பாதி திறந்தவள் நிறுத்தி,
மூடி, மறுபடி கொஞ்சமாகத் திறந்தேன்.
கண்ணளவில் பதினோரு டிகிரி.
கையை விட்டுப் பார்த்தேன்.
மணிக்கட்டு வரை போகிறது.